பீளமேடு – தர்பங்கா: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

திருப்பூரில் வீரபாண்டி, அருள்புரம் பக்கம் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு விமானக் கணக்கு இரண்டு சமயங்களில் தேவைப்படுகிறது. ஒன்று, பையருக்குச் சாம்பிள் காட்டவோ மெஷின் பார்க்கவோ வெளியூர் கிளம்பும்போது. அதற்கு நாள் இருக்கும். டிக்கெட் போட்டுத்தர டிராவல்ஸ்காரர் இருப்பார். இன்னொன்று, ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பீகார்ப் பையன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது. ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை, உடனே போயாக வேண்டும். சூப்பர்வைசரோ மானேஜரோ யாரோ ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும்: ரயிலா, விமானமா, எந்த ஊர் மாறிப் போவது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான். இந்த அத்தியாயம் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே.

உதாரணத்துக்கு தர்பங்காவை எடுத்துக்கொள்கிறேன். மதுபனி, சீதாமர்ஹி, சமஸ்திபூர் என்று வட பீகாரிலிருந்து வந்து இங்கே பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதுதான் வீட்டுப்பக்கத்து விமான நிலையம். விமானப்படைத் தளமான அங்கே, மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2020 நவம்பர் 8 அன்று பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் இருப்பது பீளமேட்டிலுள்ள கோவை விமான நிலையம். இரண்டுக்கும் நேர் விமானம் கிடையாது. அதனால்தான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள இது நல்ல ஜோடி.

தூரத்தைக் கையால் போட்டுப் பார்ப்பது

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரை அடித்தால் ஒரு எண் வரும்: சுமார் 1,926 கிலோமீட்டர். சில தளங்கள் 1,197 மைல் என்று காட்டும். சில 1,040 என்று காட்டும். பயப்பட வேண்டாம், மூன்றும் ஒரே தூரம்தான். சாலை மைல் என்பது 1.609 கிலோமீட்டர், விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எந்த மைல் என்று போடாமல் வெறும் எண்ணை மட்டும் காட்டும் தளத்தை நம்பாமல் இருப்பது நல்லது.

இந்த எண்ணை நாமே போட்டுவிடலாம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. கோவை: வடக்கே 11.03 பாகை, கிழக்கே 77.04. தர்பங்கா: வடக்கே 26.19, கிழக்கே 85.92. வடக்குத் தெற்கில் ஒரு பாகை எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15.16, அதை 111ஆல் பெருக்கினால் 1,683. கிழக்கு மேற்கில் அப்படியே பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வருகின்றன. ஆகவே ஒரு பாகையின் நீளம் குறைந்துகொண்டே போகும். நம் கோவை அளவில் அது 109 கிலோமீட்டர், ஹைதராபாத் அளவில் 106, டெல்லிக்கு வரும்போது ஏறக்குறைய 98. கோவைக்கும் தர்பங்காவுக்கும் நடுவில் 105.5 என்று வைத்துக்கொள்ளலாம். தீர்க்கரேகை வித்தியாசம் 8.88; பெருக்கினால் 937. இனி பள்ளிக்கூடத்துப் பித்தகோரஸ்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,926. செல்போன் கால்குலேட்டர் போதும்.

ஐரோப்பா, அமெரிக்கா போன்ற நீண்ட தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி சரிப்படாது. பூமி உருண்டை என்பதால் அங்கே மிகக் குறுகிய பாதை வரைபடத்தில் வளைந்து தெரியும். அதற்குத் தளத்தையே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் இந்தக் கணக்கு சில கிலோமீட்டருக்கு மேல் தப்பாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, அதுதான் தளத்திலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். தளம் சொல்லும் தூரம், நேர் விமானம் இருந்தால் பறக்க வேண்டிய தூரம். நமக்கு வேண்டியது மாறிப்போகும் தூரம். எந்த ஊரில் மாறுவது என்பதில்தான் பணமும் பொழுதும் போகின்றன. டிக்கெட் விற்கும் செயலி அதைச் சொல்லாது. அன்றைக்கு எது மலிவோ அதைத்தான் அது மேலே காட்டும்.

எங்கே மாறுவது

இப்போது அதே கணக்கை நான்கு ஊர் வழியாகப் போட்டுப் பார்ப்போம். பெங்களூர் வழி: கோவை–பெங்களூர் 251, பெங்களூர்–தர்பங்கா 1,676, ஆக 1,927 கிலோமீட்டர். நேர்க்கோட்டோடு ஏறக்குறைய ஒன்றே; பெங்களூர் அந்தக் கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. ஹைதராபாத் வழி: 703ம் 1,258ம் சேர்ந்து 1,961. இதுவும் கோட்டை ஒட்டித்தான். மும்பை வழி: கிட்டத்தட்ட 2,550. டெல்லி வழி: கோவை–டெல்லி 1,942, அங்கிருந்து தர்பங்கா 910, ஆக 2,850 கிலோமீட்டர். ஏறக்குறைய பாதித் தூரம் கூடுதல்.

கவனித்தீர்களா? கோவையிலிருந்து டெல்லி 1,942, தர்பங்கா 1,926. டெல்லிதான் பதினாறு கிலோமீட்டர் அதிகம்! ஆனாலும் டெல்லிக்கு நேர் விமானத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் இறங்கலாம். தர்பங்காவுக்குப் புறப்பட்டவர் அந்நேரம் பெரும்பாலும் ஹைதராபாத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இரண்டு சிறிய நிலையங்களுக்கு நடுவில் தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

என் சிபாரிசு ஹைதராபாத். பெங்களூரைவிட 34 கிலோமீட்டர் கூடுதல்தான். ஆனால் ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் நிலையத்தில் ஒரே முனையம். முதல் தடவை விமானம் ஏறுகிற, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத பையன் இறங்கிய கட்டடத்துக்குள்ளேயே அடுத்த விமானத்தைப் பிடித்துவிடுவான். பெங்களூரில் இரண்டு முனையங்கள். டெல்லியில் மூன்று, அதில் ஒன்றாவது முனையம் மற்றவற்றிலிருந்து விலகி இருக்கிறது, மாற வேண்டுமானால் வெளியே வந்து பஸ் ஏற வேண்டும். முனையம் மாறாத டெல்லி டிக்கெட் கிடைத்தால் அது வேறு விஷயம்.

தர்பங்கா கால அட்டவணை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு: உலகம் முழுக்க விமான அட்டவணை அன்றுதான் மாறுகிறது. போன மாதம் ஓடிய இணைப்பு இந்த மாதம் இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பறக்கும் நேரம்

விமான நேரத்துக்கு ஒரு சுலபமான சூத்திரம்: கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, வருகிற மணியோடு 40 நிமிடம் சேருங்கள். ஏர்பஸ், போயிங் ஜெட் விமானங்கள் மேலே சென்றபின் மணிக்கு எண்ணூறுக்கு மேல் போகின்றன. நாற்பது நிமிடம் என்பது தள்ளுவண்டி பின்னால் தள்ளுவது, ஓடுதளத்துக்கு ஊர்ந்துபோவது, ஏறுவது, இறங்குவது, நிற்குமிடம் சேர்வது எல்லாம். டிக்கெட்டில் அச்சாகும் நேரமும் இப்படித்தான், சக்கரம் நகர்ந்ததிலிருந்து சக்கரம் நின்றது வரை.

கோவை–சென்னை 404 கிலோமீட்டர்: முப்பது நிமிடமும் நாற்பதும் எழுபது நிமிடம். கோவை–ஹைதராபாத் ஒன்றரை மணி. ஹைதராபாத்–தர்பங்கா இரண்டேகால். டெல்லிக்கு மூன்று மணி ஐந்து நிமிடம். அட்டவணையோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். விசிறி சுற்றும் ஏ.டி.ஆர். விமானமானால் 800க்குப் பதிலாக 500 போடுங்கள். சேலம் ஓமலூர் பக்கத்து நிலையத்திலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு.

காற்றும் உண்டு. குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று ஓடும். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் சுமார் 7,600 கிலோமீட்டர். போகிற நேரம் வருகிற நேரத்தைவிட ஒரு மணி அளவு கூடுவது இதனால்தான். நாம் போவது பெரும்பாலும் வடக்கே என்பதால் ஐந்து பத்து நிமிடத்தோடு போய்விடும்.

தரையில் கழியும் நேரம்

இனிமேல்தான் உண்மையான கணக்கு. இரண்டு பறப்பும் சேர்ந்து மூன்றே முக்கால் மணி. மீதி எல்லாம் தரை.

வீரபாண்டியிலிருந்து பீளமேட்டுக்கு இரண்டு வழி. ஒன்று பல்லடம் போய், சூலூர் வழியாக. இன்னொன்று திருப்பூர் ஊருக்குள் புகுந்து அவிநாசி போய், கருமத்தம்பட்டி, நீலம்பூர் வழியாக அவிநாசி ரோட்டில். ஊருக்கு வடக்கே அனுப்பர்பாளையம், வேலம்பாளையத்தில் இருப்பவர்களுக்கு அவிநாசி சரி. தெற்கே பல்லடம் ரோட்டில் இருக்கும் நமக்குப் பல்லடம்தான். காலை எட்டரையிலிருந்து பத்து வரையும், ஷிப்ட் விடும் சாயங்காலமும் திருப்பூருக்குள் நுழைவது பணம் கட்டி மாட்டிக்கொள்வது. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்; அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி போதும்.

கார் புக் செய்யும்போது ஒன்று பாருங்கள். தேனிப் பக்கம் ஒரு வீரபாண்டி, சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீரபாண்டி, கோவை பெரியநாயக்கன்பாளையம் பக்கத்திலும் ஒரு வீரபாண்டி. வெளியூர் டிரைவர் பெயரை மட்டும் அடித்தால் மேப் எதை வேண்டுமானாலும் காட்டும். பல்லடம் ரோடு, வீரபாண்டி பிரிவு, திருப்பூர் என்று முழுசாகக் கொடுங்கள்.

பெரும்பாலான நிறுவனங்கள் உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடும். பழக்கமுள்ளவர் ஒன்றரை மணி முன்னால் போனால் போதும். புதியவருக்கு இரண்டு மணி.

மாறும் ஊரில் காத்திருப்புதான் பெரிய துண்டு. இங்கே ஒரே விதி: இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். அப்படியானால் பெட்டி நேரே தர்பங்கா போய்விடும்; முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று இரண்டு நிறுவனத்தில் தனித்தனி டிக்கெட் போட்டால், இறங்கி, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்; தவறினால் இரண்டாவது டிக்கெட் பணம் போயிற்று. அப்படித்தான் போட்டாக வேண்டும் என்றால் நடுவில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

எல்லாம் கூட்டுவோம். வீரபாண்டியிலிருந்து ஒன்றரை, கோவையில் காத்திருப்பு இரண்டு, பறப்பு ஒன்றரை, ஹைதராபாத்தில் மூன்று, பறப்பு இரண்டேகால், இறங்கி வெளியே வர அரை, அங்கிருந்து சீதாமர்ஹி பக்கத்துக் கிராமத்துக்கு வண்டியில் இரண்டு, இரண்டரை. பதின்மூன்று மணி நேரம். அதில் காற்றில் கழிவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியும் இது ரயிலைவிட எவ்வளவோ மேல். திருப்பூர் வழியாகப் போகும் எர்ணாகுளம்–பாட்னா ரயிலோ ஆலப்புழை–தன்பாத் ரயிலோ இரண்டு இரவுக்குக் குறையாது. அங்கே இறங்கி இன்னொரு வண்டி. ஆகவே அவசரம் என்றால் ஹைதராபாத் வழியாகத் தர்பங்கா. அவசரமில்லை என்றால் ரயில். நடுவில் ஒன்றுமில்லை.

தர்பங்கா கைகொடுக்காத நாட்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்கக் கங்கைச் சமவெளியில் மூடுபனி. தர்பங்கா போன்ற சிறிய நிலையத்தில் பனி விலகும்வரை விமானம் இறங்காது. சில நாள் ரத்தே ஆகிவிடும். அந்த மாதங்களில் பாட்னாவுக்கு டிக்கெட் போடுங்கள். விமானங்கள் அதிகம், ஒன்று போனால் இன்னொன்று. பாட்னாவிலிருந்து தர்பங்கா சாலையில் நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், நான்கு மணி நேரம் என்று வையுங்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு மணிதான் கூடுதல். போய்ச் சேருவது நிச்சயம்.

பூர்ணியா, அரரியா, கடிஹார் பக்கத்துப் பையனாக இருந்தால் தர்பங்காவே தப்பு. 2025 செப்டம்பரில் பூர்ணியாவிலேயே பயணிகள் நிலையம் திறந்தாயிற்று. அதற்கு முன் அவர்கள் மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எந்த மாவட்டம் என்று கேட்காமல் ‘பீகார்’ என்று டிக்கெட் போடுவது, தூத்துக்குடிக்குப் போக வேண்டியவனைச் சென்னையில் இறக்கிவிடுவது போல.

தீபாவளிக்கு ஆறாம் நாள் அவர்களுக்குச் சட் பூஜை. அந்த வாரம் பீகாருக்குள் நுழையும் எந்த டிக்கெட்டும் தாறுமாறான விலைக்குப் போகும். நம் பக்கம் தீபாவளி போனஸ் பேச்சு முடிகிற சமயமும் அதுவே. போகிறவர்கள் பட்டியலை ஆகஸ்டிலேயே வாங்கிவிடும் கம்பெனிகள் பிழைக்கின்றன.

லூதியானா போகிறவர்களுக்கு

கம்பளி நிட்டிங் ஊரான லூதியானாவுக்கு நம் ஆட்கள் போவதுண்டு. அங்கே சாஹ்னேவாலில் இருக்கும் நிலையத்தின் ஓடுதளம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான்; சின்ன விமானம் மட்டுமே இறங்கும். அருகிலுள்ள ஹல்வாரா விமானப்படைத் தளத்தில் பயணிகள் முனையம் கட்டியிருக்கிறார்கள். புக் செய்யும்போது அங்கே சேவை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சண்டிகர். கோவை, டெல்லி, சண்டிகர் மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 பாகையை ஒட்டி நிற்கின்றன. அதனால் டெல்லியில் மாறினால் வீணாகும் தூரம் மிகச் சொற்பம், மொத்தம் 2,180. ஆனால் நான் டெல்லியிலேயே இறங்கி ரயிலைப் பிடிக்கச் சொல்வேன். புது டெல்லியிலிருந்து லூதியானாவுக்குச் சதாப்தி, வந்தே பாரத் எல்லாம் நான்கு மணிக்குள் போய்விடும். சண்டிகரில் இறங்கினாலும் லூதியானாவுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் சாலை.

எல்லைப்பக்க நிலையங்கள் திடீரென்று மூடப்படலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2025 மே மாத மோதலின்போது வடக்கே, மேற்கே 32 நிலையங்களைச் சில நாட்கள் மூடினார்கள். சண்டிகரும் லூதியானாவும் அதில் உண்டு.

சென்னைக்கு விமானம் வேண்டாம்

சென்னை மீட்டிங்குக்கு விமானத்தில் போவதைக் கவுரவமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். வீரபாண்டியிலிருந்து பீளமேடு ஒன்றரை மணி, காத்திருப்பு ஒன்றரை, பறப்பு ஒன்றேகால், மீனம்பாக்கத்தில் வெளியே வர அரை மணி, அங்கிருந்து ஊருக்குள் ஒரு மணி. ஐந்தே முக்கால். 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத் காலை ஆறரை மணி வாக்கில் திருப்பூரில் ஏற்றி, பன்னிரண்டுக்குள் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. நடுவில் ஐந்து மணி நேரம் லேப்டாப்பைத் திறந்து காஸ்டிங் ஷீட் பார்க்கலாம். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரே பி.என்.ஆரில் கோவையிலிருந்தே போடுவது லாபம்.

கையில் கொடுத்தனுப்ப வேண்டியது

முதல் தடவை பறக்கிறவன் கையில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள், இந்தியில்: எங்கே மாற வேண்டும், எந்த விமான எண், எத்தனை மணி, ஹைதராபாத்தில் வெளியே போகாமல் ‘டிரான்ஸ்பர்’ என்ற பலகையைப் பின்தொடர வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்; கம்பெனிப் பதிவேட்டில் ‘ராஜு’ என்று இருப்பவன் ஆதாரில் வேறாக இருப்பான். பையில் நூல் வெட்டும் டிரிம்மர் இருந்தால் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். டெய்லர்கள் பழக்கத்தில் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, பெட்டிக்குள் போடக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டைச் சேர்த்துப் போடாதீர்கள். போன காரியம் எத்தனை நாள் ஆகும் என்று அவனுக்கே தெரியாது. அவன் சொன்ன பிறகு, கோவையில் மாலை ஆறு மணிக்குள் இறங்குகிற மாதிரி போட்டால் காருக்குச் செலவழிக்க வேண்டாம். நிலையத்திலிருந்து அவிநாசி ரோட்டுக்கு வந்தால் சிட்ரா ஸ்டாப். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் பெயர்தான் அது. அங்கே திருப்பூர் பஸ் ஏறி, திருப்பூரில் பல்லடம் பஸ் மாறினால் வீரபாண்டி பிரிவில் இறங்கிக்கொள்ளலாம்.